ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு

புதிதாகக் குடித்தனம் வைக்கிறவர்கள் வாங்கும் முதல் பெரிய சாமான் பெரும்பாலும் ஃப்ரிட்ஜ்தான். அதைப் பழுது பார்க்கும் தொழிலிலேயே காலத்தைக் கழித்தவன் என்ற உரிமையில் உங்களுக்குச் சில விஷயங்களைச் சொல்கிறேன். கெட்டுப்போன மெஷின்களைவிட, நல்ல மெஷினைத் தப்பாக வைத்திருந்த வீடுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பீரோவில் துணி அடுக்குவதுபோல் அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டால் கவலை விட்டது என்று நினைக்கிறார்கள். ஃப்ரிட்ஜ் எதையும் கெடாமல் காப்பதில்லை, கெடுவதைத் தள்ளிப்போடுகிறது. வெளியே வெதுவெதுப்பாகக் கிடக்கும் சாம்பாரில் இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டு மடங்காகப் பெருகக்கூடிய கிருமி, 4 டிகிரிக் குளிரில் சோம்பிக் கிடக்கும், சாகாது. இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதில் பாதி தானாகப் புரியும்.

1. இடம் பார்த்து வையுங்கள். உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளுவதுதான் ஃப்ரிட்ஜின் வேலை. தள்ளிய சூடு போக வழி இல்லாவிட்டால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும், ஆயுசு குறையும். பின்பக்கம் சுமார் 10 செ.மீ. விடுங்கள், பக்கவாட்டிலும் மேலேயும் கை நுழையும் அளவு விடுங்கள். உங்கள் மெஷினோடு வந்த புத்தகத்தில் வேறு கணக்கு இருந்தால் அதன்படி செய்யுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும், மேற்கு வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரிலும் வேண்டாம். இப்போது வரும் மாடல்களில் பின்னால் கறுப்புக் கம்பி வலை தெரிவதில்லை. அந்தக் குழாய் பக்கத் தகட்டுக்குள்ளேயே ஓடுகிறது. அதனால் பக்கங்கள் தொட்டால் சுடும். பயப்பட வேண்டாம், அது சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில் துணியைத் தொங்கவிட்டு மூடாமல் இருந்தால் போதும்.

2. வந்த அன்றே ஸ்விட்சைப் போடத் துடிக்காதீர்கள். வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் கம்ப்ரசருக்குள் இருக்கும் ஆயில் குழாய்க்குள் ஏறியிருக்கும். நிமிர்த்தி வைத்து நாலைந்து மணி நேரம் விடுங்கள். வெகுதூரம் படுத்தே வந்ததென்றால் ஒரு ராத்திரி நிற்கட்டும். வீடு மாறும்போதும் இதே கணக்குதான்.

3. கரண்ட் விஷயத்தில் சிக்கனம் கூடாது. சுவரில் இருக்கும் மூன்று பின் சாக்கெட்டில் நேராகச் சொருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மிக்ஸியோடும் செல்போன் சார்ஜரோடும் சேர்த்துச் சொருகாதீர்கள். ஓடும்போது ஃப்ரிட்ஜ் இழுக்கும் கரண்ட் குறைவுதான். ஆனால் சாதாரண கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். லூஸாக இருக்கும் பின் அப்போதுதான் சூடாகிக் கருகுகிறது. மாதம் ஒரு முறை ப்ளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பின் கறுத்திருந்தாலோ பிளாஸ்டிக் உருகின வாடை வந்தாலோ சாக்கெட்டை மாற்றுங்கள்.

கைப்பிடியைத் தொட்டால் “சுர்”ரென்று இருக்கிறது என்று சில வீடுகளில் சொல்வார்கள். “செருப்புப் போட்டுக்கொண்டு திறந்தால் ஒன்றும் இல்லை” என்று பெரியவர்களே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அது எர்த் சரியில்லை என்பதற்கான எச்சரிக்கை. ஈரத் தரையில் வெறுங்காலோடு ஒரு குழந்தை போய்த் திறக்கும் நாளில் அது உயிரை எடுத்துவிடும். அந்த நிமிடமே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டுவிடுங்கள். கரண்ட் கசிந்தால் கண் இமைப்பதற்குள் அது மெயினை வெட்டிவிடும்.

வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர் என்றால் ஸ்டெபிலைசர் வேண்டும், அதுவும் சில நிமிடம் தாமதித்து கரண்ட் விடும் வகையாக. கம்ப்ரசர் நின்றதும் குழாய்க்குள் ஒரு பக்கம் அழுத்தம் அதிகமாக நிற்கும். அது சமமாவதற்குள் மறுபடி கிளப்பினால் திணறும். ஸ்டெபிலைசர் இல்லையென்றால் கரண்ட் போனதும் நீங்களே ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

4. உள்ளே இருக்கும் திருகில் 1, 2, 3 என்று எழுதியிருப்பது டிகிரி இல்லை. எண் ஏற ஏறக் குளிர் கூடும், அவ்வளவுதான். 5-இல் வைத்தால் 5 டிகிரி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. ஃப்ரிட்ஜுக்கென்று விற்கும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, நடுத் தட்டில் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் கதவைத் திறந்தவுடன் பாருங்கள். 4 டிகிரி செல்சியஸோ அதற்குச் சற்றுக் கீழோ காட்ட வேண்டும். ஃப்ரீசருக்கு மைனஸ் 18. ஒற்றைக் கதவு மெஷினின் சின்ன ஃப்ரீசர் பல நேரம் அந்த அளவுக்கு இறங்காது. அதில் மீனை மாதக்கணக்கில் வைக்காதீர்கள்.

5. எது எங்கே என்று ஒரு ஒழுங்கு இருக்கட்டும். கதவுத் தட்டுகள்தான் ஃப்ரிட்ஜிலேயே சூடான இடம். திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று முதலில் அங்கேதான் படுகிறது. தண்ணீர் பாட்டில், ஊறுகாய், சாஸ் அங்கே போகட்டும். பால் பாக்கெட் நிற்க வாகாக இருக்கிறதென்று அதைக் கதவில் வைக்காதீர்கள். கழுவித் துடைத்து உள்ளே தள்ளி வையுங்கள். பச்சைக் கறி, கோழி, மீன் எல்லாம் மூடியுள்ள பாத்திரத்தில், கீழே. கறிக்கடை கேரி பேக்கோடு மேல் தட்டில் வைத்தால், அதிலிருந்து ஒழுகும் ஒரு சொட்டு ரத்தத்தண்ணீர் கீழே இருக்கும் ரசத்தில் விழுந்தால் போதும், வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கும். ரொம்ப அடைக்கவும் வேண்டாம், குளிர்ந்த காற்று சுற்றிவர இடம் வேண்டும்.

6. “சூடாக வைக்கக் கூடாது” என்று கேட்டு வளர்ந்திருப்பீர்கள். சொன்னதில் நியாயம் உண்டு: கொதிக்கக் கொதிக்க வைத்தால் பக்கத்தில் இருப்பதும் சூடாகும், கண்ணாடித் தட்டு விரிசல் விடலாம். ஆனால் அந்தப் பேச்சை நம்பி ராத்திரி வைத்த குழம்பை “ஆறட்டும்” என்று மேடையிலேயே விட்டுவிட்டு, காலையில் எழுந்து எடுத்து உள்ளே வைக்கும் வழக்கம் இருக்கிறதே, அது ஆபத்து. சமைத்த பண்டம் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம். சீக்கிரம் ஆற வேண்டுமென்றால் ஆழமான குண்டானில் இருப்பதை இரண்டு மூன்று அகலப் பாத்திரத்தில் பிரித்து ஊற்றுங்கள்; ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு அதில் வைத்துக் கிளறுங்கள். லேசாக வெதுவெதுப்பு இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே வைத்துவிடுங்கள்.

சோற்றில் இன்னும் கவனம். அரிசியோடு வரும் ஒருவகைக் கிருமி, பேசிலஸ் செரியஸ் என்று பெயர், வித்து வடிவில் இருந்துகொண்டு கொதிக்கும் உலையிலும் பிழைத்துக்கொள்ளும். சோறு நேரம் போக வெளியே கிடந்தால் வித்து விழித்துப் பெருகி, ஒரு நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. “நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டால் சரியாகிவிடும்” என்று நம்பி மீந்த சோற்றில் தாளித்துக் கொடுத்த வீட்டில் பிள்ளைகள் வாந்தி எடுப்பது இதனால்தான். பழைய சோறு வேறு கதை; தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்து மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுத் தீர்ப்பது அது.

சமைத்ததை மூன்று நான்கு நாள் வரை வைக்கலாம் என்பார்கள். நம் வீடுகளில் கதவு திறக்கும் வேகத்தையும் கரண்ட் கட்டையும் பார்த்தவன் என்ற முறையில் நான் இரண்டு நாள் என்பேன். தேங்காய்ச் சட்னி அன்றைக்கே காலியாகட்டும். வேண்டிய அளவு மட்டும் எடுத்துக் கொதிக்கவையுங்கள். மொத்தத்தையும் சூடாக்கி மீண்டும் உள்ளே வைத்து, மறுநாளும் அதையே செய்யாதீர்கள்.

7. இட்லி மாவைப் பாத்திரத்தில் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள். குளிரில் புளிப்பது குறையுமே தவிர நிற்காது.

8. எல்லாவற்றுக்கும் ஃப்ரிட்ஜ் தேவையில்லை. வெங்காயம், வாழைப்பழம் வெளியே இருக்கட்டும். உருளைக்கிழங்கு குளிரில் இருந்தால் அதன் மாவு சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது சீக்கிரம் கருகும். பிரெட் உள்ளே வைத்தால் இன்னும் வேகமாகக் காய்ந்துபோகும். சோடா பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து மறந்துவிடாதீர்கள்: தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும், கண்ணாடி தாங்காது. மல்லிகைச் சரத்தை இறுக்கமான டப்பாவில் வையுங்கள். இல்லாவிட்டால் காலைக் காபியில் பூ மணக்கும்.

9. அம்மாவோ அப்பாவோ இன்சுலின் போடுபவர்கள் என்றால் இதை இரண்டு முறை படியுங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் ஒருபோதும் வைக்கக் கூடாது. ஒற்றைக் கதவு மெஷினில் ஃப்ரீசருக்கு ஒட்டினாற்போல் கீழே உள்ள தட்டும் கூடாது, அங்கே உறைந்துவிடும். டபுள் டோரில் குளிர்காற்று வரும் ஓட்டைக்கு முன்னாலும் கூடாது. ஒரு முறை உறைந்த இன்சுலின் உருகிப் பழையபடி தெளிவாகத் தெரிந்தாலும் வீரியம் போயிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று டாக்டரிடம் போய் நிற்பார்கள். நடுத் தட்டில், மூடியுள்ள சின்ன டப்பாவில், பின்சுவரைத் தொடாமல் வையுங்கள். பயன்படுத்திக்கொண்டிருக்கும் பாட்டிலோ பேனாவோ சுமார் நான்கு வாரம் வெளியே இருக்கலாம் என்று பல வகைகளில் போட்டிருக்கும், ஆனால் அறை 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் மட்டுமே. நம் கோடையில் அது நடக்காது. பெட்டியில் மடித்து வைத்திருக்கும் தாளைப் படித்துப் பார்த்து அதன்படி நடங்கள்.

10. ஃப்ரீசரில் ஐஸைக் கத்தியால் குத்தாதீர்கள். ஸ்க்ரூ டிரைவரும் வேண்டாம், தோசைக் கரண்டியும் வேண்டாம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஐஸ் பிடிக்கும் அந்த அலுமினியச் சுவர் வெறும் சுவர் இல்லை. இரண்டு தகட்டுக்கு நடுவே கேஸ் ஓடும் வழி அதற்குள்தான் இருக்கிறது. புடைத்த கோடுகளாக விரலுக்கே தட்டுப்படும். கத்தி நுனி ஒரு இடத்தில் படும், “புஸ்”ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஐஸ்கிரீம் டப்பா ஒட்டிக்கொண்டதென்று ஆரம்பித்த வேலை ஆயிரக்கணக்கில் செலவில் முடியும். ஓட்டையை அடைத்தாலும் முன்பு இருந்த குளிர் பல நேரம் திரும்புவதில்லை.

ஐஸ் அரை செ.மீ. தடித்ததும் திருகின் நடுவில் உள்ள டீஃப்ராஸ்ட் பட்டனை அமுக்குங்கள். உள்ளே உள்ளதை எடுத்துவிட்டு ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்தால் சீக்கிரம் உருகும். டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் இந்த வேலை கிடையாது. அதில் ஐஸ் மலையாகக் கட்டினால் ஹீட்டரோ சென்சரோ போயிருக்கும், ஆளைக் கூப்பிடுங்கள்.

11. உங்கள் ஃப்ரிட்ஜுக்குள் என்ன கேஸ் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் தொழில் பழகியபோது ஆர் 12. ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு உலகமே அதைக் கைவிட்டது. இந்தியாவில் 2010-இல் நின்றது. அடுத்து ஆர் 134ஏ. இப்போது வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர் 600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். ஓசோனுக்குத் தீங்கில்லை, கரண்டும் மிச்சம். ஆனால் தீப்பிடிக்கும், சமையல் கேஸுக்கு அது பங்காளி. பின்பக்கம் கம்ப்ரசர் மேல் மஞ்சள் முக்கோணத்தில் நெருப்புப் படம் ஒட்டியிருக்கும்.

இதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். சமையல் சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கிறது, ஃப்ரிட்ஜில் இருப்பது பெரும்பாலும் நூறு கிராமுக்கும் குறைவு. குழாய் சேதமாகாதவரை அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் சமையல் கேஸில் கசிவு தெரிவதற்காக வாடை சேர்த்திருப்பார்கள், இதில் அப்படி இல்லை. காற்றைவிடக் கனமானதால் தரையோடு தேங்கும். எனவே குழாய் குத்துப்பட்டது தெரிந்தால், அல்லது நன்றாக ஓடிய மெஷின் திடீரெனக் குளிர்விப்பதை நிறுத்தி “புஸ்” சத்தமும் கேட்டிருந்தால், அடுப்பை அணையுங்கள், ஜன்னல் கதவுகளைத் திறந்துவிடுங்கள். பக்கத்தில் உள்ள எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். மெயின் சமையலறைக்கு வெளியே இருந்தால் அங்கே அணைக்கலாம். 2022 நவம்பரில் சென்னையை அடுத்த ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ் வெடித்து ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். அரிதாக நடப்பதுதான். பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பினால் முதலில் ஜன்னலைத் திறந்து காற்று விடுங்கள், பிறகு ஸ்விட்சில் கை வையுங்கள்.

12. பின்பக்கத் தண்ணீர்த் தட்டு. இப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளில் தெரியாது. ஐஸ் உருகும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக இறங்கி, கம்ப்ரசர் மேல் உள்ள பிளாஸ்டிக் தட்டில் விழும். கம்ப்ரசர் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். மழைக்காலத்தில் அத்தனையும் ஆவியாகாமல் தேங்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். தெளிந்த தண்ணீரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும் சின்னப் புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்துகொண்டு அடிக்கு ஓடும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் குஞ்சுகள் நல்ல தண்ணீரில்தான் வளரும்; ஏழெட்டு நாளிலிருந்து பத்து நாளுக்குள் இறக்கை முளைத்துப் பறந்துவிடும். மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்குள் வந்ததும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிவது இதற்காகத்தான். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்காமல் வழிவிடுங்கள்.

வாரம் ஒரு நாள், ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்களேன், ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத் தட்டைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். தட்டைக் கழற்ற வராத மாடல் என்றால் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் தேயுங்கள். தட்டு எப்போதும் காய்ந்தே இருந்து, உள்ளே காய்கறி ட்ரேக்குக் கீழே தண்ணீர் நின்றால் குழாய் அடைத்திருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி அடைப்பை எடுங்கள், குத்தூசி வேண்டாம்.

13. கதவு ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து மடிப்புகளில் அழுக்கு எடுங்கள். ஒரு காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள், இறுக்கமாக வர வேண்டும். லேசாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றுங்கள். உள்ளே துடைக்கச் சமையல் சோடா கலந்த தண்ணீர் போதும்.

14. மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை நிறுத்துவதாகச் செய்தித்தாளில் போடுகிறார்கள் அல்லவா? கதவைத் திறக்காமல் வைத்தால் சுமார் நான்கு மணி நேரம் உள்ளே குளிர் நிற்கும். மீதி ஒரு மணி நேரத்துக்கு முந்தின ராத்திரியே பாட்டிலில் கழுத்துக்குக் கீழே வரை தண்ணீர் பிடித்து ஃப்ரீசரில் உறையவிட்டு, காலையில் மேல் தட்டில் பால் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் அடியில் கிடந்தால் இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். கறி மீனை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வீடுகளில் ஃப்ரிட்ஜ் தண்ணீரில் நின்றது. வெள்ளம் வடிந்ததும் துடைத்துவிட்டு ஸ்விட்சைப் போடாதீர்கள். கம்ப்ரசர் பக்கத்து வயரும் ரிலேயும் நனைந்திருக்கும். ஆள் வந்து கழற்றிப் பார்த்துக் காயவைத்த பிறகுதான் போட வேண்டும்.

15. “கேஸ் தீர்ந்துபோச்சு, போடணும்” என்று மெக்கானிக் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். என் தொழில்காரர்களைப் பற்றியே சொல்கிறேன். ஃப்ரிட்ஜில் கேஸ் செலவாகும் பொருளே இல்லை; மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் போட்டால் சில மாதத்தில் மறுபடி பணம் கேட்டு வருவார்கள். “எங்கே லீக்?” என்று கேளுங்கள், இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் பட்டையில் என்ன கேஸ் எழுதியிருக்கிறதோ அதையே, எழுதியிருக்கும் கிராம் அளவில், எடை போட்டு நிரப்பச் சொல்லுங்கள். ஆர் 600ஏ மெஷினில் வேறு கேஸ் போடுவதும், வேறு மெஷினில் ஆர் 600ஏ போடுவதும் தப்பு. கேஸை வெளியேற்றாமல், மூடிய சமையலறையில் கேஸ் டார்ச் கொளுத்திப் பற்றவைக்க ஆரம்பித்தால் தடுத்து நிறுத்துங்கள். வயதில் சின்னவர்கள் என்று தயங்க வேண்டாம், வீடு உங்களுடையது.

16. பழைய ஃப்ரிட்ஜைக் கழிக்கும்போது முதல் வேலையாகக் கதவைக் கழற்றிவிடுங்கள். மொட்டை மாடியிலோ கொல்லையிலோ கிடக்கும் காலிப் பெட்டிக்குள் கண்ணாமூச்சி விளையாடும் குழந்தை ஒளிந்துகொள்ளும். மூடினால் உள்ளே காற்று வராது, கத்தினாலும் வெளியே கேட்காது. கொக்கி வைத்த பழைய கதவுகளுக்குள் அகப்பட்டுக் குழந்தைகள் தொடர்ந்து இறந்ததால் 1956-இல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, உள்ளிருந்து தள்ளினாலும் திறக்கும்படி கதவைச் செய்யவைத்தார்கள். இன்றைய காந்த ரப்பர் கதவு எளிதில் திறக்கும். ஆனால் ஒரு சாமான் சாய்ந்து நின்றால் அதுவும் திறக்காது. குழாயை அறுத்து கேஸைக் காற்றில் விட்டுக் கம்ப்ரசரை மட்டும் எடுத்துப் போகும் ஆளிடம் தள்ளிவிடாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் ஃப்ரிட்ஜும் வருகிறது. புதியது வாங்கும் கடையிலோ கம்பெனியிலோ பழையதை எடுத்துக்கொள்கிறார்களா என்று கேட்டுக் கொடுங்கள். வண்டி வரும்வரை கதவு தனியாக, பெட்டி தனியாக இருக்கட்டும்.